வாசனை போன தண்ணீர்

எனக்கு மூக்கு கொஞ்சம் பெரிசு. அதை வைத்துத்தான் பிழைத்தேன் என்றும் சொல்லலாம். காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷம் அட்டெண்டராக இருந்தவன் நான். லேபிள் உரிந்துபோன புட்டியை நீட்டினால் மூடியைத் திறந்து, கையால் காற்றை லேசாக இந்தப் பக்கம் விசிறி, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடுவேன். பெரிய படிப்புப் படித்த புரொபசர்களே "சந்தனசாமியக் கூப்பிடுங்க" என்பார்கள். சம்பளம் குறைவாக இருக்கிறவனுக்குப் பெருமைதான் பஞ்சப்படி. நான் அதை ஒரு பைசா விடாமல் வாங்கிக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவது எண்பத்தாறாம் வருஷத்து மார்கழியில் நடந்தது.

என் தங்கை சலோமியின் புருஷன் பிலோமின்ராஜ் அதே கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டர். வயதில் என்னைவிடப் பத்து வருஷம் சின்னவர், அறிவில் இருபது வருஷம் பெரியவர். அவரே அப்படித்தான் நினைத்தார், நானும் மறுக்கவில்லை. எங்கேயோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் நாலு பக்கம் படித்துவிட்டு ஒரு நாள் ஓடிவந்தார்.

"மச்சான், தண்ணிக்கு மேல மின்சாரத்தப் பாய்ச்சினா, தண்ணியில கலந்திருக்குற விஷம் ஒடையுமாம். சூடே இல்லாத நெருப்பு. பிளாஸ்மான்னு பேரு."

"சூடில்லாத நெருப்புன்னா அது நம்ம பிரின்சிபால் கோவம்தான் மாப்ள" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மனசு அப்போது வரிச்சிக்குடியில் இருந்தது.

வரிச்சிக்குடியில் ஐப்பசி மழைக்கு ஒரு மிராசுதாரின் கொட்டகைச் சுவர் இடிந்து, உள்ளே இருந்த பூச்சிமருந்து டின்கள் குடிதண்ணீர்க் குளத்தில் உருண்டு விழுந்தன. பாரத்தியான். நெல்லுக்கு அடிக்கிற மருந்து. அழுகிய பூண்டு மாதிரி நாறும். முதல் வாரத்தில் நாலு மாடு செத்தது. கொம்யூன் பஞ்சாயத்தில் இருந்து ஆள் வந்து குளத்துப் படித்துறையில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரைப் பற்றித் தெரியுமோ என்னவோ, கடல் கிட்டத்தில் இருக்கிறது, பம்பு அடித்தால் உப்புத்தான் வரும். அந்தக் குளம் ஒன்றுதான் நல்ல தண்ணீர். கரை நிறையக் குளம் ததும்பிக்கொண்டிருக்க, ஊர்ப் பெண்கள் அதைத் தாண்டி ஒன்றரை மைல் நடந்து குடம் சுமந்தார்கள்.

பிலோமின்ராஜ் அங்கே பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கணக்கு சொல்லிக் கொடுப்பார், பூசை முடிந்து நேரே சைக்கிளில் போய்விடுவார். அவரால் அந்த முள்ளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நல்ல மனுஷர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

டவுனில் மூடிக்கிடந்த ஒரு ஜவுளிக்கடையின் நியான் போர்டில் இருந்து டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அகலமான ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்கு மேலே, தண்ணீரைத் தொடாமல், வரிசையாகத் தையல் ஊசிகள். சுவிட்சைப் போட்டால் ஒவ்வொரு ஊசி நுனியில் இருந்தும் ஊதா நிறத்தில் மெல்லிசாக ஒளி தண்ணீர்மேல் இறங்கும். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். இடி விழுந்த இடத்தில் வருகிற வாசனை. தண்ணீர் கொதிக்காது, வெதுவெதுப்புக்கூடத் தட்டாது. "காத்து ஒடையுது மச்சான். ஒடைஞ்ச காத்து தண்ணிக்குள்ள எறங்கி விஷத்தப் புடிச்சி ஒடைக்குது" என்பார். அந்த ஊதா வெளிச்சத்தில் அவர் முகம் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும்.

விஷம் உடைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கான கருவி மெட்ராஸில்தான் இருந்தது. சாம்பிள் அனுப்பினால் வரிசையில் ஆறு மாதம். பெங்களூரில் ஒரு விஞ்ஞானிக்கு எல்லா விவரத்தையும் எழுதிப் போட்டார், பதில் வரவில்லை. ஆகவே கருவியின் இடத்தில் என் மூக்கு உட்கார்ந்தது.

தொட்டியில் மருந்தைக் கலந்து ஓட்டுவோம். கால் மணிக்கொரு தடவை நான் குனிந்து மோப்பேன். முதலில் பூண்டு நாற்றம் முகத்தில் அறையும். அரை மணியில் பாதி. முக்கால் மணியில் எங்கோ தூரத்தில் ஒரு இழை. ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை. "போயிடிச்சி மாப்ள" என்று நான் சொன்னதும் அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு பட்டதாரி என் மூக்கை நோட்டில் எழுதுகிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மீன் விட்டுப் பார்த்தோம். எங்கள் பக்கம் புதுக்கிணறு வெட்டினால் கெண்டை விட்டுப் பார்ப்பது வழக்கம்தான். அரசலாற்றில் பிடித்த கெண்டைக்குஞ்சை ஓட்டிமுடித்த தண்ணீரில் விட்டேன். பத்து நிமிஷத்தில் மல்லாந்துவிட்டது.

பிலோமின்ராஜ் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். "இந்த மின்சாரம் காத்துல இருக்குற நைட்ரஜனையும் ஒடைக்குது மச்சான். தண்ணியில கொஞ்சம் ஆசிட் சேந்துடும். அதான்." லிட்மஸ் தாளை விட்டால் உண்மையிலேயே சிவந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டுச் சரிசெய்தோம். இரண்டாவது மீனை விட்டோம். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் நீந்தியது. "பாத்தீங்களா" என்றார். மறுநாள் வரிச்சிக்குடியில் எல்லாருக்கும் முன்னால் செய்துகாட்டுவதாக ஏற்பாடு. கொம்யூனில் இருந்து கமிஷனர் சோமசேகரன் வருகிறார். மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

காலையில் ஆய்வகத்தை முதலில் திறக்கிறவன் நான். மீன் மிதந்துகொண்டிருந்தது.

தண்ணீரில் மூக்கை வைத்தேன். சுத்தமாக ஒன்றும் இல்லை. கெண்டைக்குஞ்சு கண்ணாடித் தொட்டியில் ராத்திரி முழுக்க இருந்தால் எந்தத் தண்ணீரிலும்தான் சாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீனை நம்புவதா, என் மூக்கை நம்புவதா? அதை எடுத்துச் சாக்கடையில் போட்டேன். பிலோமின்ராஜ் வந்ததில் இருந்து ஊசிகளைத் துடைப்பதிலேயே மும்முரமாக இருந்தார், மீனைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வரிச்சிக்குடியில் எங்களுக்கு ஒத்தாசை மருதையன். கூலிக்கு மருந்தடிக்கிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும், முதுகில் டின்னைத் தூக்கித் தூக்கித் தோல் காய்த்துப்போயிருந்தது. நாலைந்து தடவை குளத்துத் தண்ணீர் எடுக்கப் போனதில் பழக்கம். மருந்தடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்து, நாற்றம் போனால்தான் சோற்றில் கை வைப்பார்கள். மருதையன் மட்டும் கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோக மாட்டான். பெண்டாட்டி ராசாத்தியிடம் நீட்டுவான். அவள் மோந்து பார்த்துத் தலையாட்டினால் உட்காருவான். ஒருநாள் நான் பார்த்துவிட்டு, "ஏன்யா, கைய மோக்குறதுக்குக்கூடப் பொண்டாட்டி வேணுமா? கொஞ்சுறதுக்கு வேற நேரம் இல்லியா?" என்றேன். அவன் பல் தெரியச் சிரித்தான். ராசாத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நானும் என் கிண்டலை மெச்சிக்கொண்டு திரும்பினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் தொட்டியை வைத்தோம். ஊரே கூடியிருந்தது. குளத்தில் இருந்து ஒரு குடம் தண்ணீர். போதாதென்று பிலோமின்ராஜ் எல்லோரும் பார்க்க ஒரு மூடி மருந்தையும் அதில் ஊற்றினார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. முன்வரிசைக்காரர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் அந்த ஊதா வெளிச்சம் ஓடியது. கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுண்ணாம்புத் தண்ணீர். பிறகு நான்.

குனிந்து மோந்தேன். இரண்டாவது தடவையும் மோந்தேன். அது தேவையில்லை, கூட்டத்துக்காகச் செய்தது. நிமிர்ந்து, "ஒண்ணும் இல்ல. பச்சத்தண்ணி" என்றேன்.

கைதட்டினார்கள்.

பிலோமின்ராஜ் ஒரு டம்ளரில் மொண்டு வாய்க்குக் கொண்டுபோனார். மருதையன் முன்னால் வந்து அதைப் பிடித்துக்கொண்டான். காலையில் மருந்தடித்துவிட்டு நேரே வந்திருந்தான், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்கவில்லை.

"இருங்க சார். எங்க ஊரு கொளம். மொதத் தண்ணி நாங்க குடிக்கறதுதான் மொற."

டம்ளரை வாங்கி, ஒரு நொடி நிதானித்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். தலையாட்டினேன். மடமடவென்று குடித்தான். பிலோமின்ராஜ் தனக்கு இன்னொரு டம்ளர் மொண்டார். அதற்குள் கமிஷனர் பேச எழுந்துவிட்டார். மரியாதைக்காகப் பிலோமின்ராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். பேச்சு முடிவதற்குள் மருதையன் தூணோடு சரிந்து உட்கார்ந்திருந்தான். வேர்வை ஆறாக ஓடியது. வாயில் எச்சில் நூல் நூலாக ஒழுகியது. கண்மணி கடுகு மாதிரி சுருங்கிவிட்டது.

கமிஷனரின் ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண்ணைப் பார்த்ததுமே, "பாரத்தியான். இன்னிக்கி மருந்தடிச்சாரா?" என்று கேட்டார். "ஆமாங்க, காலைல" என்றோம். "வருஷக்கணக்கா அடிச்சிருப்பார். ஒடம்புல தாங்குற சக்தியே போயிருக்கும். கடைசியா ஒரு துளி போதும்." ஊசிமேல் ஊசியாகப் போட்டார்கள். மறுநாள் மதியம் மருதையன் செத்தான்.

தண்ணீர் குடித்ததை டாக்டரிடம் சொன்னீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் சுத்தம் என்று மனசார நம்பினோம். பச்சத்தண்ணி குடித்ததை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? இந்தப் பதிலை நான் ஆயிரம் தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த மீன் வந்து குறுக்கே மிதக்கிறது.

ஊரில் யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை. மருந்தடிக்கிறவனுக்கு மருந்து ஏறிவிட்டது, அவ்வளவுதான். "தண்ணி குடிச்சாவது போனானே" என்று ஒரு கிழவர் சொன்னார். பிலோமின்ராஜ்தான் துடித்துப்போனார். ராசாத்தி இனி ஒன்றரை மைல் நடக்கக்கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தினமும் குளத்துத் தண்ணீரை ஒரு குடம் ஆய்வகத்துக்குக் கொண்டுவருவோம், ஒரு மணி நேரம் ஓட்டுவோம், நான் மோந்து பார்ப்பேன். சாயந்தரம் அதை நானே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய் அவளிடம் இறக்குவேன். அவளுக்கு ஒரு பெண்குழந்தை, நாலு வயது. என்னைக் கண்டதும் டம்ளரோடு ஓடிவரும். ஒன்பது நாள் கொண்டுபோனேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே தர்மம் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிய காகித நட்சத்திரம் பனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பிலோமின்ராஜ் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். பெங்களூரில் இருந்து பதில் வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாராட்டு, இரண்டு பத்தி. அதற்குப் பிறகு குரல் இறங்கியது.

"வாசனை போறத வச்சி முடிவு பண்ணாதீங்கன்னு எழுதிருக்கார் மச்சான். பாரத்தியான் ஒடையறப்போ முதல்ல வேற ஒண்ணா மாறுமாம். அதுக்கு நாத்தம் கெடையாதாம்." "ஆனா அது மூல மருந்தவிடப் பல மடங்கு விஷமாம். இன்னும் பல மணி நேரம் ஓட்டுனாத்தான் அதுவும் ஒடையுமாம். அதுவரைக்கும் யாரும் வாயில வைக்கக்கூடாதுன்னு அடிக்கோடு போட்டிருக்கார்."

நான் மோந்து பார்த்து "போயிடிச்சி" என்று சொன்ன இடம்தான் அது. விஷம் தன் உச்சத்தில் இருந்த இடம்.

மீனைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் என்னை அடித்திருக்கலாம், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இனிமே ஆறு மணி நேரம் ஓட்டலாம்" என்றார் கடைசியில். "கருத்து சரிதான் மச்சான். நேரம்தான் தப்பு. மருந்தடிச்சதுல போனான்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாச்சி. போனவன் திரும்பி வரப்போறதில்ல. இத வெளில சொன்னா மெஷினையே ஒடைச்சிப் போட்டுடுவாங்க, அந்தக் கொளமும் அப்படியே கெடக்கும்."

சலோமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவருக்கு வேலை போயிடும்ணே. ஜெயிலுக்கும் போகணும். நீ சும்மா இரு" என்றாள். அவள் அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை.

"நேத்து சாயந்தரம் ஒரு கொடம் எறக்கிட்டு வந்தேன்டி. அந்தப் புள்ள குடிச்சிக்கிட்டிருக்கு" என்றேன்.

அதற்குமேல் இருவரும் என்னைத் தடுக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மிதித்தேன். அந்த வெயிலில் வரிச்சிக்குடி அத்தனை தூரம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ராசாத்தி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். குழந்தை உள்ளே படுத்திருந்தது. தலையணை எச்சிலில் நனைந்திருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன், மணி சுருங்கித்தான் இருந்தது.

"நேத்து ராத்திரிலேருந்து இப்பிடித்தாண்ணே. எனக்கும் கண்ணு மங்கலாத் தெரியுது. அழுது அழுது இப்பிடி ஆயிடிச்சோ என்னமோ."

குடத்தைக் காலால் தள்ளி மூலைக்கு ஒதுக்கினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தில்லை ராசாத்தி, தண்ணீர்தான். மீன் செத்ததையும் சொன்னேன், நான் அதைச் சாக்கடையில் போட்டதையும் சொன்னேன். குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், டாக்டரிடம் நானே எல்லாம் சொல்கிறேன் என்றேன். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனவள் குடத்தைப் பார்த்து நின்றாள்.

"இத எங்கண்ணே கொட்டுறது? கொல்லைல கொட்டுனா கோழி மேயும். வாய்க்கால்ல கொட்டுனா மாடு குடிக்கும்."

குடத்தின் வாயைத் துணியால் இறுகக் கட்டி வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டச் சொன்னேன். அவளைக் கேரியரில் உட்காரவைத்து, குழந்தையை அவள் மடியில் கொடுத்து, மிதிக்க ஆரம்பித்தேன். குளத்தைத் தாண்டினோம். படித்துறை முள் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"அவுருக்கு ரெண்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியாதுண்ணே" என்றாள் முதுகுக்குப் பின்னால் இருந்து. "மருந்தடிச்சி மருந்தடிச்சி மூக்கு செத்துப்போச்சி. தெரிஞ்சா வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு யாருட்டயும் சொல்லல. கையக் கழுவிட்டு எங்கிட்டதான் நீட்டுவாரு. நான் தலையாட்டுனாத்தான் சாப்புடுவாரு."

நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கிக் கூட்டத்துல நான் பின்னாடி மாட்டிக்கிட்டேன். டம்ளர வாங்கிட்டு என்னயத் தேடுனாரு. காணல. அப்பறம் ஒங்க மொகத்தப் பாத்தாரு. நீங்க தலையாட்டுனீங்க."